நிற்கும் வண்டிக்கு எதற்குச் சூடு?

அந்தத் தெருவில் அவரை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். கோர்ட்டு வாசலை அவர் மிதித்ததே இல்லை. கார் மெக்கானிக். வண்டியைக் கொண்டுவருகிறவர்களை நிற்க வைத்து அவர் கேட்கிற கேள்விகளுக்காக வைத்த பேர் அது. காருக்குள் தண்ணீர் வருகிறது என்று சொன்னால் மற்ற மெக்கானிக்குகள் போய்க் காரைப் பார்ப்பார்கள். இவர் வந்தவர் முகத்தைப் பார்ப்பார். "தண்ணி தானா வந்துச்சா, நீங்க கொட்டினீங்களா?" என்பார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பால் கேனைக் கவிழ்த்துவிட்டு மழைத் தண்ணீர் என்று சத்தியம் செய்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். நாய்க்குட்டி செய்த காரியத்துக்கு ஹீட்டர் மேல் பழி போட்ட தம்பதியைப் பார்த்திருக்கிறார். ஒருவர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்வந்து, கண்ணாடியில் ஓட்டை இருக்கிறது என்று சாதித்தார். இப்படியே காலம் தள்ளியதில், வாய் திறக்கிறவன் பொய்யன் என்று தொடங்கி, இல்லை என்று நிரூபித்தால் விட்டுவிடுவது அவர் வழக்கமாகிவிட்டது. ஈரம் ஊறிய வண்டி என்றால் ஊர் முழுக்க அவரிடம்தான் வரும், ஏனென்றால் கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார். திட்டிக்கொண்டே வருவார்கள், அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி இருந்த காலத்தில் கடைக்குப் போய்வந்தால்கூட வாசலிலேயே ஒரு விசாரணை நடக்கும். அந்த அம்மாள் சிரித்தே சமாளித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். மகளுக்கு அந்தச் சிரிப்பு வாய்க்கவில்லை. அவள் கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருந்தாள். வக்கீல் இந்த உலகத்தில் சந்தேகப்படாத ஒரே ஆள் மாப்பிள்ளைதான். மாப்பிள்ளையின் அலுவலகம், பழைய வீட்டுக்காரர், முடிவெட்டுகிறவர் என்று ஒருவர் விடாமல் துருவித் துருவி விசாரித்து அவரே பொறுக்கி எடுத்த மாப்பிள்ளை. அவரைச் சந்தேகப்பட்டால் தன் விசாரணையையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே!

பனி கொட்டிய ஒரு காலையில் மகள் காரோடு ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, ஹீட்டர் சரியில்ல. ஓடும்போது லேசா சூடு வருது. நிக்கும்போது வெறும் குளிர் காத்துதான். உள்ள எல்லாம் ஈரமா இருக்கு. காலைல பாத்தா கண்ணாடி உள்பக்கம் தண்ணியா வழியுது."

"எப்போலேருந்து?"

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளான்னா?"

"அப்பா, வண்டியப் பாருங்களேன்."

பிடி கொடுக்காமல் பேசினாள். வக்கீலுக்கு அப்போதே சுருக்கென்றது.

பானெட்டைத் திறந்தார். ஹீட்டருக்குப் போகிற ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் தளர்ந்து, கசிந்த இடத்தில் வெள்ளை பூத்திருந்தது. எஞ்சின் சூட்டை ஹீட்டருக்குக் கொண்டுபோகிற கூலன்ட் திரவம் பாதிகூட இல்லை. அது குறைந்தால் குழாய்க்குள் காற்று அடைத்துக்கொள்ளும். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் மட்டும் ஹீட்டர் வரைக்கும் சூடு போகும், வண்டி நின்றால் போகாது. சின்ன வேலை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தவர், கிளாம்பில் வைக்காமல் அப்படியே நின்றார்.

சிக்னலில் நிற்கிற நேரத்துக்குள் ஹீட்டர் முழுசாக ஆறிப்போகாது. நின்ற வண்டியில் இவள் எதற்கு அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாள்?

கேட்டால் மழுப்புவாள் என்று தெரியும். அதனால் வண்டியிடமே கேட்போம் என்று உள்ளே புகுந்தார். ஹீட்டர் உள்ளுக்குள் ஒழுகினால் கால் வைக்கிற இடத்தில் விரிப்புக்கு அடியில் ஊறியிருக்கும். தூக்கிப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. கண்ணாடியில் படிந்த ஈரத்தை விரலால் தேய்த்து முகர்ந்தார். கூலன்ட் ஆவியாக இருந்தால் பிசுபிசுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். இது பச்சைத் தண்ணீர். கதவு ரப்பரில் காகிதத்தை வைத்து மூடி இழுத்தார். நான்கு கதவும் இறுக்கமாகப் பிடித்தன. பிறகு உள்ளே உட்கார்ந்துகொண்டு, மகளை வண்டிக் கூரைமேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சச் சொன்னார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

வெளியே இறங்கி வைப்பருக்கு அடியில் கையை விட்டார். கை நிறைய அழுகிய இலை வந்தது.

"ராத்திரியில வண்டி எங்க நிக்குது?"

"வீட்டு வாசல்லதான்."

மகள் இருந்த தெருவில் மருந்துக்குக்கூட மரம் கிடையாது.

"வாசல்ல மரம் எப்ப முளைச்சுது?"

"காத்துல வந்திருக்கும்ப்பா." அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். செல்போன் அணைந்திருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

மறுபடி உள்ளே போய்க் கூரைத் துணியைத் தடவினார். நனைந்திருந்தது, ஆனால் கறை வளையம் எதுவும் இல்லை. வெளியிலிருந்து ஒழுகினால் பழுப்பாக ஒரு வட்டம் விழும். இது முதுகு வேர்த்த மாதிரி ஒரே சீராக இருந்தது. வெளித் தண்ணீர் இல்லை. உள்ளேயே உண்டாகி மேலே போய்ப் படிந்த ஈரம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஆள் உட்கார்ந்திருந்தால், மூச்சுக் காற்றே இப்படித் தண்ணீராகச் சேரும்.

யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். மரத்தடியில், நெடுநேரம். வக்கீலின் புத்தி போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போயிற்று. பாவம் மாப்பிள்ளை என்று நினைத்தார். யாரோடு உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தார். பெற்ற மகளைப் பற்றி சொல்ல வாய் கூசுகிற நினைப்புதான், ஆனாலும் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் ஒரு தூண்டிலும் போட்டார்.

"வண்டி இங்கயே கிடக்கட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்கோ."

"இன்னிக்கே வேணும்ப்பா."

"பஸ்ல போயேன்."

"இல்லப்பா. வண்டி வேணும். ராத்திரிக்குள்ள வேணும்."

வக்கீல் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். அவள் ஓடிவந்து தடுப்பதற்குள் திறந்தாயிற்று.

போர்வையில் சுற்றிய ஒரு தலையணை. ஒரு டம்ளர், அதில் ஒரு பல் துலக்கும் பிரஷ். இஸ்திரி போட்டு ஹேங்கரில் மாட்டிய ஆபீஸ் துணி. காயாத ஒரு துண்டு. எல்லாமே ஒற்றை ஒற்றையாக இருந்தன. இன்னொரு ஆளுக்கு அங்கே இடமே இல்லை.

வக்கீல் டிக்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சற்றுமுன் நினைத்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னாலேயே வந்தது. இவள் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதற்காக ஹீட்டரைச் சரி செய்யச் சொல்கிறாள். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் சைலன்ஸர் புகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வாசனைகூடத் தெரியாது. தூங்கினவர் தூங்கினவர்தான்.

"இந்த ஹீட்டர நான் சரிபண்ண மாட்டேன்" என்றார்.

"வேற மெக்கானிக்கிட்ட போய்க்கறேன்."

"புகை உள்ள வரும்மா. செத்துப் போயிடுவ."

"கண்ணாடிய லேசா இறக்கி வச்சுக்கறேன்."

"ஏம்மா இங்க வரல நீ?"

மகள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "ஆரம்பிச்சுட்டீங்களா? போன வருஷம் பையோட வந்தேனே, ஞாபகம் இருக்கா? தண்ணி கூடக் குடிக்க விடல. நீ என்ன சொன்ன, அவரு என்ன சொன்னாரு, யாரு மொதல்ல கத்தினது, அதுக்கு சாட்சி யாருன்னு கேட்டீங்க. கேட்டுட்டு நீங்களே கூட்டிட்டுப் போய் பார்சல ஒப்படைக்கிற மாதிரி அவருகிட்ட ஒப்படைச்சீங்க. போற வழியெல்லாம் புத்தி வேற. கார் ஈரமா இருந்தாலும் பரவால்லப்பா. அது என்னைய ஒண்ணும் கேக்காது."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதை நிரூபிக்கச் சொல்லி அவரால் கேட்கவும் முடியாது, அவரே சாட்சி.

"மாடி ரூம் சும்மாதான் கிடக்கு" என்றார் மெதுவாக. "ஒரு கேள்வியும் கேக்க மாட்டேன்."

"வாயால கேக்க மாட்டீங்க. கண்ணு கேக்கும். எனக்குத் தெரியாதா உங்கள?"

அவள் டிக்கியை அறைந்து சாத்திவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினாள். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. கொடுக்காமல் இருக்க அவருக்கு என்ன உரிமை என்று அவருக்கே விளங்கவில்லை. கை தானாகப் பைக்குள் போயிற்று.

அப்போதுதான் பட்டறை மேசையில் கிடந்த அவருடைய செல்போன் அடித்தது. மாப்பிள்ளை. எண்ணெய்க் கை என்பதால் எப்போதும் போல ஒரு விரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"மாமா, வணக்கம். நல்லாருக்கீங்களா? அவ அங்க வந்தாளா?" அதே மரியாதை, அதே பதவிசு. "வந்தா ஏதாவது சொல்லுவா மாமா. நான் உங்களுக்குச் சொல்லணுமா, நீங்க எதையும் லேசுல நம்பற ஆளா? வழக்கம்போல நல்லா விசாரிச்சு, நீங்களே கொண்டுவந்து விட்டுடுங்க."

வக்கீலின் நாக்கு நுனிக்குக் கேள்விகள் வரிசை கட்டி வந்தன. பெண்டாட்டி வீட்டில் இல்லாமல் இத்தனை இரவு போயிருக்கிறது, இன்றைக்குத்தானா தேடத் தோன்றியது? அவள் எங்கே படுத்தாள், என்ன சாப்பிட்டாள் என்று ஏன் இந்த மனுஷன் கேட்கவில்லை? தான் விசாரித்து எடுத்த மாப்பிள்ளை மேல் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. அத்தனையையும் மென்று முழுங்கினார்.

"அவ இன்னும் ஒண்ணும் சொல்லல மாப்ள."

"அப்பாடா. நல்லதாப் போச்சு மாமா. அவ ஏதாவது சொல்ல ஆரம்பிச்சா..."

"அவ சொல்லலேன்னாலும் நான் நம்பிட்டேன்" என்று வக்கீல் போனை அணைத்தார்.

மகள் நீட்டிய கையை இறக்கவில்லை. அப்படியே நின்றுகொண்டு ஓவென்று அழுதாள். ஈரக் காருக்குள் இத்தனை இரவும் அடக்கி வைத்திருந்த அழுகை. வக்கீல் எண்ணெய்க் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் பக்கத்தில் நின்றார். வாயைத் திறக்கவில்லை.