கடைசி வளைவில் நின்ற ஜீப்

ரங்கநாயகி மேடம் இறந்த செய்தியைச் சொன்னவர் எங்கள் அலுவலக ஜீப் ஓட்டுநர் பழனியண்ணன். போனில் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "காலைல ஒம்பது மணிக்கு எடுக்கறாங்க கண்ணு. லேட்டா வந்தா மேடம் திட்டுவாங்க" என்றார். நான் எட்டரைக்கே போனேன். எனக்கு முன்பே மொத்த அலுவலகமும் வந்து நின்றிருந்தது.

எங்கள் சிறிய செயற்கைக்கோள் நிறுவனத்தின் திட்ட மேலாளர் அவர். அலுவலகம் சேலத்தில், சோதனைக்கூடமும் தரைநிலையமும் ஏற்காட்டு மலைமேல். ஆய்வுக் கூட்டத்தை அவர் ஜீப்பில்தான் நடத்துவார். அடிவாரம் தாண்டியதும் தொடங்கும். ஒரு கொண்டை ஊசி வளைவிலிருந்து அடுத்த வளைவு வரை ஒருவர் பேசலாம். "ரூம்ல உக்காந்தா வாய் நிக்காதுங்க. இங்க வயிறே நிறுத்திரும்" என்பார். பேட்டரிப் பிரிவு தினேஷ் சார் மட்டும் நிறுத்தமாட்டார். ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்துவிட்டு, விட்ட வாக்கியத்திலிருந்தே தொடர்வார்.

கடைசி வளைவு, அதுவரை வாய் திறக்காதவருக்கு. அது எப்போதும் நான்தான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தப்பாகப் பேசிவிடுவேனோ என்ற பயத்தில் "எல்லாம் சரிங்க மேடம்" என்று முடித்துவிடுவேன்.

செயற்கைக்கோளைப் பெட்டியில் அடைத்து ஏவுதளத்துக்கு அனுப்பவேண்டிய நாளிலும் அதையேதான் சொன்னேன். ஆனால் முந்தைய நாள் மாலை, மலைக்குளிரில் அதன் ஆண்டெனா பாதி விரிந்து நின்றுவிட்டதைப் பார்த்திருந்தேன். சேலத்து வெயிலில் ஒழுங்காக விரிந்த ஆண்டெனா அது. என் கைதான் பிசகியதோ என்று குழம்பிக்கொண்டிருந்தேன். விண்வெளியில் இப்படி நின்றால் அத்தனை பேரின் உழைப்பும் ஊமையாகச் சுற்றும்.

மேடம் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"பழனி, வண்டிய நிறுத்துங்க."

கடைசி வளைவில் ஜீப் நின்றது. பின்னால் ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே போனது. பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்தார்.

"ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லீங்க, மீட்டிங்கு. இந்தப் புள்ள பேசுனதும் எடுத்தர்றோம்" என்றார் மேடம்.

கண்டக்டர் ஜீப்புக்குள் தலையை நீட்டினார். "பேசிரு சாமி. பஸ்ஸுல மாப்ள ஊட்டுக்காரங்க இருக்காங்க. முகூர்த்தம் போயிரும்."

"ஆண்டெனா பாதிதாங்க விரியுது!" மேடத்திடம் சொன்னேனா, கண்டக்டரிடம் சொன்னேனா, இன்றும் தெரியவில்லை.

"அவ்வளவுதானே!" என்று நிம்மதியாகப் போனார் கண்டக்டர்.

தினேஷ் சார் பதறினார். "இன்னைக்கு அனுப்பலைன்னா ராக்கெட்டுல நம்ம இடம் போயிருங்க மேடம்!"

"போகட்டுங்க. மேல போனதுக்கு அப்புறம் ஏணி வெச்சு ஏறித் தட்டிவிட முடியாதுங்க."

மேலே போய் அவரே சோதித்தார். மறுபடியும் பாதியில் நின்றது. பிசகு என் கையில் இல்லை, குளிரில் இறுகிப்போன ஆண்டெனாக் கீலில். ராக்கெட்டில் இடம் போயேபோனது. வாடிக்கையாளர் போனில் கத்தியபோது, அதை மேசையில் வைத்துவிட்டு மேடம் காபி குடித்தார். கீலை மாற்றி, பின்னொரு ராக்கெட்டில் அனுப்பினோம். அதன் முதல் சமிக்ஞை தரைநிலையத்துக்கு வந்தபோது, என்னைக் காட்டிப் பழனியண்ணனிடம் சொன்னார்: "ரெண்டும் பேசிருச்சுங்க."

அடக்கம் முடிந்து நேராக மலைக்குக் கிளம்பினோம், வேலை கிடந்தது. வழியெல்லாம் ஆளுக்கொரு வளைவாக மேடத்தைப் பற்றிப் பேசினோம். கடைசி வளைவில் பழனியண்ணன் தானாகவே வண்டியை நிறுத்தினார். மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த வளைவைத்தான். அன்று வாய் திறக்காதவர் தினேஷ் சார்.

"சொல்லுங்க சார்" என்றேன்.

வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"நிக்கட்டுங்கண்ணா" என்றேன்.