சவுண்ட் தவம் விற்க மறுத்த ஐந்து மைக்

கறிவேப்பிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் செய்தி எனக்குக் கிடைத்தது. பாரிஸ் லாச்சப்பலில் மரக்கறிக் கடைக்காரர் பையை நீட்டியபடி, "அம்மா, கேள்விப்பட்டியளோ? எங்கடை சவுண்ட் தவம் அண்ணை விடிய மோசம் போயிட்டாராம். நெஞ்சுவலி" என்றார். சாகும்போது ஐம்பத்திரண்டு வயது. என்னைவிட இருபது வயது இளையவர். அன்றைக்கு மரக்கறி வாங்கிக்கொண்டு அவருடைய கடைக்குப் போவதாக இருந்தேன். போவதாக இருந்தேன் என்று எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவருடைய பெயர் தவநேசன். ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியின் மேல்முனையில், இரண்டு பேர் பக்கம் பக்கமாக உள்ளே போக முடியாத ஒரு ஒடுங்கிய கடை வைத்திருந்தார். பழுதான அம்பிளிபயர் திருத்துவார், பழைய மைக் விற்பார், கலியாணத்துக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பார். மண்டபத்தில் எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மூலையில் இருந்து ஐயரின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேளம் கூடி மந்திரம் அமுங்கினால் ஒரு விரலை அசைப்பார். மந்திரம் மேலே வரும். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரை அவருடைய கடைக்குள் நின்று, நாலு பேர் பார்க்க, நான் ஏசியிருக்கிறேன். அதை நாலு பேர் பார்க்கத் திருப்பி எடுக்காமல் விட்டுவிட்டேன். அவருடைய நினைவாக வரும் இந்தப் புத்தகத்தில் எனக்கு ஒரு பக்கம் தரும்படி அவருடைய மனைவி வசந்தியிடம் நானே கேட்டது அதற்காகத்தான்.

என் பேத்தி மதுரா ட்றம்ஸ் அடிப்பவள். அவளுடைய இரண்டு கையும் இரண்டு காலும் நாலு வேலை செய்யும். பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தலை சுற்றும். ஒரு நல்ல இசைப் பள்ளிக்கூடத்தில் சேர, வீட்டிலே மூன்று நிமிடம் அடித்துப் பதிந்து அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுப் பார்த்துத்தான் நேரில் கூப்பிடுவார்களாம். அடுத்த வருடம் வயது கடந்துவிடும். அவள் இணையத்தில் பார்த்து ஒரு கடதாசியில் சாமான் எழுதித் தந்தாள். ஏழு மைக், அவற்றுக்கு நிலைக்கால்கள், கணினிக்குச் சத்தத்தை அனுப்ப எட்டு ஓட்டை உள்ள பெட்டி. மகளும் மருமகனும் உழைக்கிற உழைப்பில் அதெல்லாம் நடக்காது. பழைய சாமானாவது பார்ப்போம் என்று தவம் தம்பியிடம் போனேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"ஏழு மைக்கோ? கலியாண மண்டபம் கட்டப் போறியளோ, அம்மா?"

"பேத்தி ட்றம்ஸ் அடிக்கிறதைப் பதியிறதுக்குத் தம்பி."

"இதைக் கேக்கப்போற வாத்திக்கு எத்தினை காது?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டு மைக் காணும்."

பென்சிலால் ஐந்தை வெட்டினார். ஒன்றைப் பிள்ளையின் தலைக்கு மேலே பிடித்தால் முழுச் சத்தமும் வரும், மற்றதைப் பெரிய மேளத்துக்கு முன்னால் வைத்தால் இடி வரும், இரண்டு ஓட்டைப் பெட்டி போதும் என்றார். நிலைக்காலைத் தன்னுடைய கலியாணச் சாமானில் இருந்து இரவலாக எடுத்துத் தந்தார். காதில் மாட்டும் காஸ்க் அவருடைய தட்டு நிறைய இருந்தது. ஆனால் ஒன்றும் தரவில்லை. "இதுகள் சத்தத்தை வெளியாலை விடும். பிள்ளை காதிலை கேக்கிற தாளம் மைக்குக்குள்ளை போயிடும். காதை மூடுறதாப் பாத்து வேறை கடையிலை வாங்குங்கோ."

விற்கிறவர் விற்கமாட்டேன் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். "கூடாத சாமானைத் தந்து பிள்ளையின்ரை அலுவலைக் கெடுத்துப் போடாதையுங்கோ" என்றேன்.

"கூடாத சாமான் இல்லை அம்மா, கொஞ்சச் சாமான். ரெண்டும் வேறை."

வீட்டுக்குக் கொண்டுவந்து நிலைக்காலில் பூட்டினோம். பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் எங்களுடையது தனிவீடு. இருப்பறையில்தான் ட்றம்ஸ் இருக்கிறது. மதுரா அடித்தாள், பதிந்தாள், கேட்டாள். ஒவ்வொரு இடிக்கும் பின்னால் 'ங்ஙீ' என்று ஒரு இரைச்சல். மைக்கை மேலே வைத்தாள், கீழே வைத்தாள். போகவில்லை. அனுப்ப ஐந்து நாள்தான் இருந்தது. பிள்ளை குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மைக் இரண்டையும் சில்லுப் பையில் வைத்து இழுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். கடைக்குள் ஒரு புருசனும் மனைவியும் மகளின் கலியாணத்துக்கு ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இன்னும் இரண்டு பேர். நான் ஒருவரையும் பார்க்கவில்லை.

"ஒருத்தரும் வாங்காத சாமானை எங்கடை தலையிலை கட்டிப்போட்டியள், என்ன? பழுதெண்டு தெரிஞ்சுதானே தந்தனீங்கள்?"

"முதல்லை இருங்கோ அம்மா. ஒரு தேத்தண்ணி குடிப்பம்."

"உங்கடை தேத்தண்ணியை நீங்களே குடியுங்கோ. ஏமாத்திற ஆக்களின்ரை கையாலை நான் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன்."

அவர் மைக்கை அம்பிளிபயரில் பூட்டி, மேசையில் தட்டிக் கேட்டார். இரைச்சல் இல்லை. அதை அவர்களுக்கு முன்னால் சொல்லி என்னை வெட்கப்படுத்தியிருக்கலாம். "நாளையிண்டைக்குக் கடை பூட்டு. நான் வீட்டை வாறன்" என்று மட்டும் சொன்னார். அந்தப் புருசனும் மனைவியும், "பிறகு வாறம் அண்ணை" என்று வெளியே போனார்கள்.

சொன்னபடி வந்தார். மதுராவைப் பெரிய மேளத்தை மட்டும் மெதுவாக மிதிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தார். கதவில் உள்ளங்கையை வைத்தார். ஜன்னலில் வைத்தார். கடைசியாக என்னுடைய கண்ணாடி அலுமாரியில் வைத்தார். இரைச்சல் நின்றது. கையை எடுத்தார், வந்தது. வைத்தார், நின்றது.

விருந்தாளிகளுக்கென்று பூட்டிவைத்த தேநீர்க் கோப்பைகள், கண்ணாடி அன்னங்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வென்ற கிண்ணங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

"அம்மா, உங்கடை கோப்பையளும் சேந்து வாசிக்குதுகள். பள்ளிக்கூடத்துக்கு ஆரின்ரை பேரை அனுப்பிறது?"

மதுரா "மெ நோன்!" என்று பிரெஞ்சில் மறுத்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இவ்வளவு நாளும் எங்களுக்கு ஏன் தம்பி கேக்கேல்லை?" என்று கேட்டேன்.

"வீட்டுச் சத்தத்தைக் காது விட்டிடும் அம்மா. மைக்குக்கு வீட்டு ஆள், வெளி ஆள் எண்டு தெரியாது."

எல்லாவற்றையும் எடுத்துக் குளிக்கிற துவாயில் சுற்றிக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். சுவரில் தொங்கவிட நான் பட்டுச் சேலைகளைக் கொண்டுவந்தேன். "இதுகள் சரசரக்கும். வடிவு வேண்டாம், கம்பளி தாங்கோ" என்றார். நாலாவது தரம் பிள்ளை பிழையில்லாமல் அடித்து முடிக்கும்வரை, அவர் மாடிப்படியில் இருமலையும் விழுங்கிக்கொண்டு அசையாமல் இருந்தார். இன்று மதுரா படிப்பது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

அவர் புறப்படக் காலில் சப்பாத்துப் போடும்போது, "கடைக்கு வந்து ஆக்களுக்கு முன்னாலை சொல்லுறன் தம்பி" என்றேன்.

"விடுங்கோ அம்மா. பிள்ளையின்ரை அலுவல் முடிஞ்சுதெல்லே."

விட்டுவிட்டேன். ஒவ்வொரு கிழமையும் அந்தக் கடையைத் தாண்டித்தான் மரக்கறிக்குப் போனேன். ஆள் இல்லாதபோது சொல்லிப் பயனில்லை என்று நினைத்தேன். ஆள் இருந்தபோது வெட்கமாக இருந்தது. எட்டு மாதம் இப்படியே போனது.

இறுதிக் கிரியை மண்டபத்தில் யாரோ பேச எழுந்தபோது மைக் கீச்சிட்டது. உடனே நாங்கள் எல்லோரும், இத்தனை பேரும், மூலைப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். பிறகுதான் அவர் முன்னால் பெட்டியில் கிடக்கிறார் என்ற நினைவு வந்தது. நானும் அன்றைக்குப் பேச நினைத்திருந்தேன். பேசாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்குப் பிறகு வசந்தியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அம்மா. அண்டைக்கு வீட்டை வந்து சிரிச்சவர். அந்த அம்மாவின்ரை தொண்டைக்கு மைக்கே தேவையில்லை எண்டு."

"அண்டைக்குக் கடையிலை பேசின அந்தக் கலியாணம்?"

வசந்தி சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவை அடுத்த நாளே வேறை ஆளைப் பிடிச்சிட்டினம்."

அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் என் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துவாயில் சுற்றினார்.

அன்று கடையில் நின்றவர்களே, மகளுக்குக் கலியாணம் செய்துவைத்த தாயே, தகப்பனே, இது உங்கள் கையில் கிடைத்தால் வாசியுங்கள். மைக் நல்ல மைக். தவநேசன் யாரையும் ஏமாற்றியவர் அல்லர். பிழை என்னுடையது, அதை நான் உரத்துச் சொன்னதும் என்னுடையது.

முப்பத்தோராம் நாள் நினைவுச் சடங்கில், சாப்பாட்டுக்கு முன்னர், இதை எழுந்து நின்று வாசிக்கப் போகிறேன். மைக் வேண்டாம் என்று வசந்தியிடம் சொல்லிவிட்டேன். வாசல்வரை கேட்கும்.

போய் வாருங்கள், தம்பி.