எனக்கு மட்டும் சுடாத பாறை

சித்திரை மாதத்து உச்சி வேளையில், திருக்கழுக்குன்றம் மலையில் கழுகுகளுக்குச் சோறு வைக்கும் பாறையருகே நின்றிருக்கிறீர்களா? நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு காலை வைத்து மறுகாலைத் தூக்கிக்கொண்டு, துண்டை மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டு, கழுகு வருகிறதா என்று வானத்தைப் பார்ப்பதற்குள் பாதம் வெந்துவிடும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நான் மோர்ப்பானையோடு சாவகாசமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்குச் சுடவில்லை. என் நோயின் முதல் அடையாளம் அதுதான்.

நோய் என்று யார் நினைத்தார்கள்? நானே நினைக்கவில்லை. முழங்காலுக்குப் பின்னால் வெளுத்த திட்டு ஒன்று இருந்தது. தேமல் என்று மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன்.

சைதாப்பேட்டையிலிருந்து மாதம் தவறாமல் கழுகு தரிசனத்துக்கு வருகிற ஓர் அம்மாள் இருந்தார். பெயர் கனகம்மாள். அவர்தான் முதலில் கவனித்தார்.

"இன்னாம்மா, உனுக்குக் காலு சுடலயா?"

"இல்லியேம்மா."

"கல்லு நெருப்பா கீது. எல்லாரும் குதிச்சிகினு கீறாங்க. நீ இன்னாடான்னா வூட்டுக்குள்ள நடக்கிற மாதிரி நடந்துகினு கீறே. இது சாமியோட அருளு, வேற இன்னா?"

சொல்லிவிட்டு, நான் விலகுவதற்குள் குனிந்து என் இரண்டு பாதங்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்களும் குனிந்தார்கள். மோர்க்காரிக்கு மலையின் அருள் இருக்கிறது என்ற பேச்சு அடிவாரக் கடைகள் வரை போய்விட்டது. முதலில் காலை இழுத்துக்கொண்டேன். பிறகு இழுக்கவில்லை. பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது. கூட்டம் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே வெயில் விழுந்த கல்லாகத் தேடி மிதித்தேன். இதை எழுதும்போது இப்போதும் முகம் சூடாகிறது.

ஒரு நாள் கூட்டம் கலைந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். கழுகு பார்த்த கையோடு மாமல்லபுரம் போகிறவர்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். மலைச்சரிவில், அந்தக் காலத்து ராஜாக்கள் ஒரே பாறையைக் குடைந்து செய்த மண்டபம் இருக்கிறது. அதன் நிழலில் பானையை இறக்கிவைத்துச் சற்று உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் நான் வந்த வழியில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிந்தது. ஒரு குரங்கு அதில் ஒன்றை முகர்ந்துகொண்டிருந்தது. ரத்தம்! யாரோ பாவம், காலை வெட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஆளைத் தேடிக் கண்ணாலேயே ஒவ்வொரு பொட்டாகத் தொடர்ந்து வந்தேன். கடைசிப் பொட்டு என் காலடியில் இருந்தது.

உடைந்த சோடா பாட்டில் சில்லு வலது உள்ளங்காலில் ஆழமாக இறங்கியிருந்தது. எங்கே மிதித்தேன், எப்போது மிதித்தேன், ஒன்றும் தெரியவில்லை.

என் கணவர் ஆறுமுகம் செங்கல்பட்டு ரயிலடியில் ஜட்கா என்ற குதிரைவண்டி ஓட்டுகிறவர். அன்று வீட்டில் அவர்தான் சில்லைப் பிடுங்கினார். பிடுங்கும்போது என் முகத்தையே பார்த்தார்.

"வலிக்கலயாடி?"

"இல்லய்யா."

"கொஞ்சங்கூட?"

"இல்லய்யா, அதான் அருளுன்னு சொல்றாங்களே."

அவர் சிரிக்கவில்லை. செங்கல்பட்டுக்கு வெளியே தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அங்கே போகிறவர்களை ஏற்ற மற்ற வண்டிக்காரர்கள் மறுப்பார்கள். இவர் ஏற்றுவார், ஆனால் இறக்கிவிட்ட பிறகு வண்டியைக் கழுவுவார். அப்படிப்பட்டவர்களின் பேச்சையெல்லாம் கேட்டிருந்ததால், வலி இல்லாத புண் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை அதே வண்டியில் என்னை ஏற்றி அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்று வண்டியைக் கழுவினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

தாழ்வாரத்தில் என் போல் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நிறையப் பேர் இருந்தார்கள். டாக்டர் இளவயதுக்காரர். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சுத் திரியால் தொடும் இடத்தை விரலால் காட்ட வேண்டும். கையில் தொட்டபோது காட்டினேன். காலுக்கு வந்ததும் ஒன்றும் தெரியவில்லை. தோற்றுவிடக் கூடாது என்று ஒரு வீம்பு. தொட்டிருப்பார் என்று நானாகவே பெருவிரலைக் காட்டினேன்.

"நான் இன்னும் தொடவே இல்லம்மா," என்றார் டாக்டர்.

பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்று இருந்தது. வலது பாதம் முழுக்க, இடது பாதம் பாதி செத்திருந்தது. தொழுநோய் (நரம்பைத் தாக்கி உணர்ச்சியை அழிக்கும் நோய்). எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள், பெருவியாதி என்பார்கள். நான் மூக்கும் விரலும் மழுங்கியவர்களைக் கோயில் வாசலில் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனவள்.

எனக்கு முதலில் வந்த கேள்வி காலைப் பற்றி அல்ல.

"டாக்டரு, மலையில நான் மோரு வித்துகினு இருந்தேன். எத்தினியோ பேரு என் கையால வாங்கிக் குடிச்சிருக்காங்க. என் காலைத் தொட்டுக் கும்பிட்டவங்க கீறாங்க. அவங்களுக்கெல்லாம்..."

"மோர்ல இது பரவாதும்மா. உங்களுக்கு வந்திருக்கிற வகை காலைத் தொட்டா ஒட்டிக்காது. அதை மனசுல போட்டு உழப்பிக்காதீங்க."

அவர் சொன்னது மருத்துவம் அறிந்த உண்மை. நான் நம்ப வெகுகாலம் ஆயிற்று. இதைப் படிக்கிறவர்களில் என் போல் யாராவது இருந்தால், டாக்டர் சொல்வதை என்னைவிடச் சீக்கிரம் நம்புங்கள்.

சல்போன் (நோய்க்கிருமியைக் கொல்லும் மாத்திரை) கொடுத்தார்கள். காலில் இருந்தது குழிப்புண் (உணர்ச்சியற்ற பாதத்தில் மிதித்து மிதித்து உள்ளே இறங்கும் புண்). சில்லு புதிது, புண் பழையது என்றார் டாக்டர். சுடுகல்லைத் தேடி மிதித்த என் பெருமைதான் அந்தப் பழைய புண். எலும்பு கெட்டிருந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். கெடவில்லை. மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். மழைக்காலம் வந்து போன பிறகுதான் கட்டைப் பிரித்தார்கள். புண் மூடியிருந்தது. உணர்ச்சி திரும்பவில்லை. செத்த நரம்பு செத்ததுதான், இனி கண்தான் உங்கள் பாதத்துக்கு நரம்பு என்றார் டாக்டர்.

டயர் ரப்பரில் தைத்த, வார்ப்பூட்டு வைத்த செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார்கள். டாக்டர் என் கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார்:

"செருப்பில்லாம ஓரடி வைக்கக்கூடாது. இன்னொரு தடவை புண் வந்தா இந்தக் கால் தங்காது. உள்ளங்காலை அவங்களால சரியாப் பார்க்க முடியாது. தினம் சாயங்காலம் யாராவது கையில வாங்கிப் பார்க்கணும்."

"தெனம் குதுரைக் காலைத் தூக்கிக் கல்லு கீதா, ஆணி கீதான்னு பார்க்கிறவன் டாக்டரு நானு. இவ காலைப் பார்க்கமாட்டேனா?" என்றார் இவர்.

பக்கத்துக் கட்டில்காரி களுக்கென்று சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. புருஷன் காலைத் தொட்டுக் கும்பிட்டுத் தாலி வாங்கிக்கொண்டவள் நான். என் காலை அவர் கையில் தருவதா? அதுவும் குதிரைக்கு அடுத்தபடியாக!

ஆனாலும் தந்தேன். தினமும் சாயங்காலம் குதிரையை அவிழ்த்துக் குளம்பைப் பார்த்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முன் உட்காருவார். நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு காலை நீட்டுவேன். அவர் பார்த்து முடிக்கும் வரை முந்தானையை எடுக்கமாட்டேன்.

மோர் விற்பது நின்றுபோயிற்று. செருப்போடு மலையேற முடியாது, செருப்பில்லாமல் நான் ஏறக்கூடாது. அதனால் மலையைச் சுற்றி நடந்தேன். நடை வேண்டும், ஆனால் சின்ன அடியாக, மெதுவாக என்பது டாக்டர் உத்தரவு. காட்டுப்பக்கத்துப் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு. சூரைப்புதர், கள்ளி, திடீரென்று குறுக்கே ஓடும் கீரி. கௌதாரி கத்தினால் திரும்பிப் பார்த்த காலம் போய்விட்டது. பார்வை தரையிலேயே இருக்கும். மிதித்தது சருகா, முள்ளா என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். பானை இல்லாததால் குரங்குகள்கூட என்னைக் கண்டுகொள்ளவில்லை.

அப்படி ஒரு நாள் பின்னாலிருந்து கனகம்மாள் வந்து சேர்ந்தார். வெறுங்காலோடு கிரிவலம் வந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர், காலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அடக் கொடுமையே! செருப்பு மாட்டிகினா கிரி சுத்தறே? நீயா? உன் காலையா நான் தொட்டுக் கும்பிட்டேன்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? வார்ப்பூட்டைக் கழற்றக் குனிந்துவிட்டேன். கொஞ்ச நேரம்தானே, அவர் தாண்டிப் போகும் வரைதானே என்று மனசு சொல்லிற்று. பழைய மோர்க்காரியாக, அருள் வந்தவளாக, இன்னும் ஒரே ஒரு தடவை நின்றுவிட ஆசை. ஒரு பூட்டு கழன்றுவிட்டது. அப்போது பாதையில் சிவப்பாகக் கிடந்த செங்கல் பொடியைப் பார்த்தேன். மண்டபத்தின் வழியில் கிடந்த என் ரத்தம் ஞாபகம் வந்தது. பூட்டை மறுபடி மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன்.

"அம்மா, எனுக்குச் சூடு தெர்ல, முள்ளு தெர்ல. அது அருளு இல்லம்மா. பெருவியாதி. ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்துகீறேன். செருப்பைக் கழட்டுனா காலு போயிடும்."

கனகம்மாள் பின்னால் நகர்ந்தார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். என் காலை அவர் தொட்டது போன கோடையில். துடைத்தது இப்போது.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"அப்ப எனுக்கே தெரியாதும்மா."

அவர் என்னை விலகி நடந்தார். வெயில் ஏறிப் பாதை கொதித்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்து, நிழல் கண்ட இடத்தில் நின்று, மறுபடி குதித்துக் குதித்துப் போனார். அவமானத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அதையும் மீறி, சுடுகிற அந்தக் கால்களைப் பார்த்து எனக்கு வந்தது பொறாமை.

சாயங்காலம் இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கையைத் துடைத்ததை இரண்டு தடவை சொன்னேன்.

"தொடைச்சிகினா தொடைச்சிகினு போறா. அவ கையி, அவ பொடவை. உனுக்கு இன்னா பேஜாரு? காலை நீட்டு."

நீட்டினேன். வழக்கம்போல் முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் கட்டைவிரல் என் உள்ளங்காலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இத்தனை நாளும் பார்க்காமலே இருந்திருக்கிறேன். அன்று பார்த்தேன். குதிகாலிலிருந்து விரல் வரை, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வோர் இடமாக அவர் அழுத்திக்கொண்டு வருவது அந்த முகத்தில் தெரிந்தது. விரலிடுக்கில் ஓரிடத்தில் நின்று, ஊதிப் பார்த்து, மண்தான் என்று தட்டிவிட்டார்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல. எழுந்து சோத்தைப் போடு," என்றார்.

முன்பெல்லாம் வருஷக்கணக்கில் யோசிப்பேன். இப்போது என் காலம் ஒரு சாயங்காலத்திலிருந்து மறு சாயங்காலம் வரைதான். செருப்பை மாட்டிக்கொண்டு சோறு போட எழுந்தேன்.