பதினாலாம் எண் கப்பல்

2023 அக்டோபர் 12, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. அரை மணி நேரம் கொட்டிய மழை தூறலாகக் குறைந்திருந்தது. இடி இல்லை. ஒரு முறை இடித்திருந்தாலும் பிள்ளைகளை வெளியே விட்டிருக்க மாட்டேன்.

சர்க்கரை ஆலை எடைமேடையில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதிவிட்டு, கடத்தூர் பக்கம் மூன்று ஏக்கர் காட்டோடு ஒதுங்கியவன் நான். வீட்டுக் கூரைத் தண்ணீரைக் குழி வெட்டி இறக்கியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டார். "ஐயா, எங்க பசங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு சொல்லிக் குடுங்க. புஸ்தகத்துல படிச்சா மண்டையில ஏறமாட்டேங்குது."

மூன்றாம் வகுப்பு, பத்தொன்பது பேர். ஆளுக்கொரு காகிதக் கப்பல் செய்து எண் போட்டுக் கொடுத்தேன்.

"கூரைத் தண்ணி விழுற எடத்துல விடுங்க. அது நிக்கிற வரைக்கும் பின்னாலயே போங்க. நின்ன எடத்தப் பாத்துட்டு வந்து சொல்லணும். பாதியில யாரும் திரும்பக் கூடாது."

ஒவ்வொருவராக வந்தார்கள். நோட்டில் டிக் போட்டேன்.

"தாத்தா, என்னுது டீச்சர் வண்டி டயர்ல மாட்டிக்கிச்சு."

"தாத்தா, மழை எத்தன சொட்டுன்னு எண்ணிட்டீங்களா?" என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

பதினெட்டு டிக். பதினாலாம் எண்ணுக்கு எதிரே காலி. மூன்று முறை எண்ணினேன்.

"அவ வேலி சந்துல பூந்து உங்க காட்டுக்குள்ள போனா தாத்தா" என்று ஒரு பையன் வேலியைக் காட்டினான்.

அந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் என் காட்டின் கீழ்மூலைக்குத்தான் போகும். அங்கே, அறுநூற்று நாற்பது அடி ஆழ்துளை போட்டும் தண்ணீர் வராத போர்க்குழி ஒன்று இருந்தது. அதன் குழாயை உருவி விற்றுவிட்டேன். வாயை ஒரு பலகைக்கல் மூடியிருந்தது. பத்து நாளுக்கு முன் அந்தக் கல்லை நகர்த்தியதும் நான்தான். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கட்டும் என்று, கல் இருந்த இடத்தில் ஒரு சாக்கை விரித்து நாலு முள்கிளை வைத்தேன். கம்பி வலை மூடி போடக் கொத்தனார் கேட்ட கூலி அதிகமாகப் பட்டதால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன்.

மண் சரிந்து வாய் பதினோரு அங்குலம் ஆகியிருந்தது. நானே டேப் பிடித்து அளந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் தோள் அகலம் எத்தனை அங்குலம் இருக்கும்? எப்படி யோசித்தும் பதினொன்றைத் தாண்டவில்லை.

டீச்சரிடம் போர்க்குழி என்ற வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "இவங்கள வராண்டாவுல உக்கார வைங்க. நான் கூட்டிட்டு வந்துர்றேன்" என்று மட்டும் சொன்னேன். பள்ளிக்கூட கேட்டிலிருந்து அந்த மூலைக்கு இருநூற்றுப் பதினாலு தப்படி. அன்று எத்தனை வைத்தேன் என்று தெரியாது. இரண்டு முறை சேற்றில் விழுந்தேன். பேர் சொல்லிக் கூப்பிடவும் பயம். பதில் மண்ணுக்கடியிலிருந்து வந்துவிட்டால்?

சாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. பிள்ளை குழியின் விளிம்பில் குந்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காலுக்கடியில் மண் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

கத்தினால் திடுக்கிட்டு எழுவாள். குரலை அடக்கிக்கொண்டு, "அசையாத கண்ணு. அப்படியே இரு" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "என் கப்பல் இன்னும் நிக்கல தாத்தா. உள்ள போயிக்கிட்டே இருக்குது."

குப்புறப் படுத்து ஊர்ந்தேன். நாலடி. மூன்றடி. கை எட்டியதும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் கால் இருந்த மண் பொத்தென்று உள்ளே போனது. ஒரு செருப்பும் கூடப் போனது. அது அடியைத் தொடும் சத்தத்துக்காகக் காது கொடுத்தேன். கேட்கவில்லை.

அப்போதுதான் அவள் அழுதாள். "எங்கம்மா வையும் தாத்தா. போன வாரந்தான் வாங்குனது."

அவளைக் கூட்டிக்கொண்டு போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒருத்தரையும் வெளிய விட்டிருக்க மாட்டேனுங்க ஐயா." பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

அன்று இருட்டும் வரை பலகைக்கல்லை இழுத்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை கொத்தனார் வந்தார். கூலியைப் பற்றி நான் பேசவில்லை. குழிக்குள் ஜல்லியைக் கொட்டி, வாயில் கம்பி வலை வைத்து, சுற்றிச் சிமெண்ட் பூசினார்.

ஜல்லி, கம்பி வலை, சிமெண்ட், கூலி, ஒரு ஜோடி செருப்பு. மொத்தம் ஐயாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய்.