எனக்குக் கிடைத்த பயிற்சி இடம்

சட்டம் படித்த காலத்தில், விடுமுறையில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேருங்கள் என்று விரிவுரையாளர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எப்படிச் சேர்வது என்று யாரும் சொல்லவில்லை. கொழும்பு நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை. கூடப் படித்தவர்களுக்கு ஒரு மாமாவோ, அப்பாவின் சிநேகிதரோ இருந்தார். என் அப்பா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

கண்டியில் சட்டத்தரணிகளின் அலுவலகப் படிகளை நானே ஏறி இறங்கினேன். "அப்பா என்ன செய்கிறார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சொன்னதும், "இடம் வந்தால் அறிவிக்கிறோம்" என்பார்கள்.

கடைசியாக ஏறிய இடத்தில், மூத்த சட்டத்தரணி ஒருவர் என் சுயவிபரத்தைத் திறக்கவே இல்லை.

"தமிழ் நல்லாப் பேசுவீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பேசுவேன், சேர்."

"திங்கட்கிழமை வாங்க."

அப்பா அன்றைக்கே அதை எங்கள் லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கோப்புகளைத் தூக்கிக்கொண்டு சேருக்குப் பின்னால் நீதிமன்றத்துக்குப் போவேன். சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒரு காலை ஒரு பெண்ணும் அவள் கணவரும் வந்தார்கள். பார்த்ததுமே தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்தது. அவர்கள் இருந்த லயத்தை இடித்து உல்லாசப் பயணிகளுக்கு விடுதி கட்ட விரும்பியது தோட்டக் கம்பனி. சேர் அந்தக் கம்பனியின் சட்டத்தரணி. வீட்டை விட்டுப் போகச் சம்மதம் என்று ஆங்கிலத்தில் இருந்த தாளை அவர்கள் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போட்டால் வழக்கில்லாமல் முடியும் என்று சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். சேருக்குத் தமிழ் தெரியாது; அதோடு நிறுத்த என்னால் முடியவில்லை.

"அக்கா, இப்பப் போடாதீங்க. உங்களுக்குன்னு ஒரு லோயரைப் பார்த்துக் கேட்டுட்டு வாங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க இந்த ஆபிஸ்தானே, மிஸ்?"

"ஆமா."

"பிறகு ஏன் இப்படிச் சொல்றீங்க? கேஸ்ல மாட்டி விடவா?"

நான் வாயெடுப்பதற்குள் அவள் சேரிடம் திரும்பி, உடைந்த சிங்களத்தில் கேட்டுவிட்டாள்: "மாத்தயா, இந்த மிஸ் போட வேணாங்கிறாங்க. போடலன்னா கேஸ் வருமா?"

சேர் என்னைப் பார்த்தார். "வரும்" என்றார் அவளிடம்.

அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். கணவரும் போட்டார். போகும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சேர் கத்தவில்லை. "நம்ம கட்சிக்காரருக்கு எதிராக நம்ம அலுவலகத்திலேயே ஆலோசனை சொன்னீங்க. இந்தத் தொழிலில் இதைச் செய்யக் கூடாது. நாளைக்கு வர வேண்டாம்." அவர் சொன்னதில் சட்டப்படி பிழை இல்லை. அது தெரிந்ததால் எனக்கு அழக்கூட வரவில்லை.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றுதான். "அந்தப் பொம்பள போட்டுட்டாளா?"

"போட்டுட்டாங்க."

"அப்ப ஒனக்கும் வேல இல்ல, அவளுக்கும் வீடு இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அடுத்த விடுமுறையிலும் படியேறினேன். முன்பு எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். பொய் சொல்ல வரவில்லை. அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்வேன். விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்வார்கள். யாரும் கூப்பிடவில்லை. இப்போது படிப்பு முடிந்துவிட்டது; ஆனால் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி முடிக்காமல் சட்டத்தரணியாக முடியாது. கண்டியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். அப்பா மட்டும் இன்னும் என்னைப் பற்றி, "கோர்ட் வேலை" என்றே ஆட்களிடம் சொல்கிறார். நான் திருத்துவதில்லை.