செவர்லேயின் இடப்பக்கத்து சீட்

மகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். நேற்றுக் கோயிலுக்குக் கூட்டிப்போனான். வழியில் ஒரு பஸ் மறைத்தது. நான் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "யாதே" என்றேன். போகலாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் பர்மியச் சொல். "அம்மா, தலைய உள்ள இழுங்க. எனக்கே தெரியுது" என்றான். நான் எட்டிப் பார்த்த பக்கம் நடைபாதைதான் இருந்தது. கிழவிக்குப் புத்தி போச்சு என்று நினைத்திருப்பான், பாவம்.

புதுக் காரில் பிளாஸ்டிக் வாசம். எங்கள் செவர்லேயில் டீசலும் கருவாடும் மணக்கும். என் வீட்டுக்காரர் அதைப் பசுந்தாங்கிலிருந்து கியாக்தானுக்கு பஸ்ஸாக ஓட்டினார். யுத்த காலத்து லாரி. மேலே மரக்கூடு கட்டியது. ஸ்டியரிங் வலப்பக்கம். இங்கே பர்மாவில் ரோட்டிலும் வலப்பக்கம்தான் போகவேண்டும் என்று சட்டம் மாறிவிட்டதே, அப்புறம் முன்வண்டியின் முதுகைத் தவிர டிரைவருக்கு என்ன தெரியும்? எதிரே வருவதை இடப்பக்கத்து சீட்டிலிருந்து நான்தான் பார்த்துச் சொல்வேன். "போலாமா?" என்பார். "யாதே" என்பேன், இல்லாவிட்டால் "இருங்க" என்பேன். வண்டி நிறைய சனத்தின் உயிர் அந்தப் பேச்சில் இருந்தது. வீட்டில் வாயே திறக்காத மனுஷர், அங்கேதான் என்னைக் கேட்டுக் கேட்டு நடப்பார்.

கொழுந்தனிடம் ஜீப் இருந்தது. இரண்டும் அமெரிக்க வண்டி. எது உசத்தி என்று அண்ணனும் தம்பியும் சோற்றுத் தட்டு காயும்வரை பேசுவார்கள். ஜீப் மிதித்ததும் பாயும், முட்டுச்சந்திலும் திரும்பும். ஆனால் வளைவில் வேகமாகப் போனால் ஒரு பக்கம் தூக்கும். செவர்லே கிளம்பவே சோம்பல். திருப்பித் திருப்பித் தோள் கழன்றுவிடும். ஆனால் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் பாலத்து ஏற்றத்தில் திணறாது, வளைவில் பிள்ளைத்தாச்சி மாதிரி நிதானமாகப் போகும்.

ஒருநாள் கொழுந்தன், "மாத்திக்குவோமாண்ணா? ஜீப்புல ஸ்டியரிங் இடப்பக்கம். அண்ணி பாத்துச் சொல்லவே வேணாம்" என்றான். அவர் யோசித்தார். வண்டி மாறினால் நான் அடுப்படியோடு சரி என்று பயந்துபோனேன்.

கியாக்தான் வரை ஜீப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு இருவரும் சாயங்காலம் வந்தார்கள். கொழுந்தனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கேளுங்க அண்ணி. ஒரு மாட்டு வண்டி பின்னாலயே அண்ணன் ஊர்ந்துகிட்டு வராரு. எதிர்ல ரோடு காலி. 'போலாமா, போலாமா'ங்கறாரு. பக்கத்து சீட்ல ஆளே இல்ல. நான் பின்னால மூட்டை மேல உக்காந்திருக்கேன்."

அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "ஜீப் நல்ல வண்டிதான். நமக்குச் சரிப்படாது" என்றார். மறுநாள் காலையில் வழக்கம்போல இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். செவர்லேயைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. இப்போது வருகிற புது வண்டிக்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம். நல்லதுதான், ஓட்டுகிறவனுக்கே எல்லாம் தெரிகிறது. நேற்றுத் திரும்பும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மகன் வழியெல்லாம் வண்டிகளைத் தாண்டினான். ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை.