சரக்கு: வாழைக்கன்று, இரண்டு

11.09.2023 – வின்டேஜ் பதிவுக் கட்டணம், ரூ. 20,000
03.10.2025 – டீசல் நூறு லிட்டர், ரூ. 9,300
04.10.2025 – தண்டம், ரூ. 10,000
28.10.2025 – பதிவுத் தபால், ரூ. 42

இந்தச் செலவுக் கணக்கில் தண்டம் என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் நல்லதம்பிக்கு வாயில் வேப்பெண்ணெய் ஊற்றினாற்போல் இருக்கும்.

எழுபத்து நாலு வயது. ஜீயபுரத்தில் பிறந்தவர். 1966-ல் செய்த பெட்போர்டு லாரி ஒன்றைப் பழசாக வாங்கி, முப்பத்தொரு வருஷம் வாழைத்தார் ஏற்றிக் திருச்சி காந்தி மார்க்கெட்டில் இறக்கினார். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு கேஸ். அதுவும் பொய்க் கேஸ். 1984-ல் ஒருநாள் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, ட்ரிப் நோட்டில் 'சரக்கு' என்ற கட்டத்தை எழுதாமல் விட்டிருந்தார். வழியில் மடக்கிய செக்கிங் ஆள் அந்தக் கட்டத்தில் தன் பேனாவாலேயே 'தார் நானூறு, அதிக பாரம்' என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து நல்லதம்பி எந்தக் கட்டத்தையும் சும்மா விடுவதில்லை. ஒன்றுமில்லை என்றால் 'காலி' என்று எழுதுவார். எழுதியதை அடிக்கவோ திருத்தவோ மாட்டார்.

2008-ல் பர்மிட்டை ஒப்படைத்துவிட்டு ஸ்ரீரங்கம் மேலூர் சாலைக்குக் குடிவந்தார். லாரி தகரக் கொட்டகையில் நின்றது. பிறகு ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கென்று வின்டேஜ் பதிவு வந்தது. அந்தப் பதிவில் வண்டியைக் கண்காட்சிக்கு ஓட்டலாம், வேறு மாநிலத்துக்கும் போகலாம். சரக்கு ஏற்றக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது. மீறினால் பதிவு ரத்து. அப்புறம் பழைய இரும்புக் கடைதான்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கக் காசில்லை. இந்தக் கிழட்டு லாரிக்கு இருபதாயிரமா?" என்றாள் மனைவி செல்லக்கிளி.

"கிழடுங்கிறதாலதான் இருபதாயிரம்."

போன அக்டோபரில் பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் தேதி ஆயுத பூஜை. ஜீயபுரத்திலிருந்து இரண்டு வாழைக்கன்று வந்தது. முகப்பின் இரண்டு பக்கமும் கட்டிச் சந்தனம் வைத்தார். கட்டிய கன்றை அது தானாகச் சருகாகி உதிரும்வரை அவிழ்க்கும் வழக்கம் அவர் வீட்டில் இல்லை. மூன்றாம் நாள் அப்படியே கிளம்பினார். துணைக்குப் பாலக்கரை மெக்கானிக் அப்துல் சலாம்.

மறுநாள் காலை கர்நாடக எல்லைச் சாவடியில் கை காட்டினார் இன்ஸ்பெக்டர். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்.

"பர்மிட் எங்க?"

"வின்டேஜ் வண்டிங்க. நம்பர்ல வி.ஏ.ன்னு போட்டிருக்கு பாருங்க. உள்ள காலிங்க, ஏறியே பாருங்க."

அவர் ஏறவில்லை. நல்லதம்பியின் ட்ரிப் நோட்டை வாங்கிப் புரட்டினார். அன்றைய தேதிக்கு நேரே, சரக்குக் கட்டத்தில், 'வாழைக்கன்று, இரண்டு' என்று இருந்தது. வண்டியில் இருப்பதை இல்லை என்று எழுத நல்லதம்பிக்கு மனசு வரவில்லை.

"நீங்களே எழுதியிருக்கீங்களே பெரியவரே! சரக்கு, வாழை. பர்மிட் இல்ல. பத்தாயிரம்."

அப்துல் சலாம் குறுக்கே வந்தார். "சார், உங்க ஜீப்லயும் ரெண்டு வாழை நிக்குது. அதுக்குப் பர்மிட் இருக்குங்களா?"

"அது பூஜைக்குக் கட்டினது."

"அப்ப எங்களுது என்ன, துபாய்க்கு ஏத்துமதியா?"

இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரசீது கிழித்தார். பணத்தைக் கட்டியபிறகு நல்லதம்பிக்குக் கண்காட்சி வெறுத்துப்போனது. வந்த வழியே வண்டியைத் திருப்பினார். முதல் டீக்கடையில் நிறுத்தி, நோட்டில் ஜீப்பின் நம்பரை எழுதி, அதற்கு நேரே 'வாழைக்கன்று, இரண்டு' என்றும் எழுதினார்.

இரண்டு வாரத்தில், பதிவை ஏன் ரத்துசெய்யக் கூடாது என்று சாவடி ரிப்போர்ட்டின் பேரில் உள்ளூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஜீப் நம்பர் எழுதிய வரியும் சேர்த்து நோட்டின் நகலோடு பதில் அனுப்பினார். டிசம்பரில் நேரில் வரச் சொன்னார்கள். கிளார்க் சிவசங்கர் மரியாதையான பையன்தான். நாற்காலி போட்டார், குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, வாழைக்கன்றுக்குப் பக்கத்துல 'பூஜைக்கு'ன்னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்து, புதுசா ஜெராக்ஸ் குடுத்துடுங்க. ஃபைலை முடிச்சிடலாம்."

நல்லதம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சாவடிக்காரன் மேல் வந்த கோபம்கூட இவ்வளவு கசக்கவில்லை.

"பூஜைக்குத்தான் கட்டினேன். அதைப் பதில் லெட்டர்ல எழுதியிருக்கேன். நோட்டுல அன்னிக்கு எழுதினதுதான் இருக்கும். எண்பத்து நாலுல ஒருத்தன் என் நோட்டுல எழுதினான். இப்ப என்னையே எழுதச் சொல்றீங்க."

"வண்டி போயிடுங்களே ஐயா."

"போகட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, காவிரிப் பாலம் தாண்டி வீடு வரும்வரை பழைய இரும்புக் கடை ஞாபகம்தான். கொட்டகைக்குள் போய், சருகாகத் தொங்கிய கன்றுகளுக்கு நடுவே முகப்பைத் துடைத்தார்.

"ஒரு வார்த்தைதானே? எழுதித் தொலைச்சாத்தான் என்னவாம்?" என்றாள் செல்லக்கிளி.

"நீ வேணா எழுது. பேனா அங்க இருக்கு."

அவள் பேனாவைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

பொங்கல் போய் ஒரு மாதம் கழித்துக் கடைசிக் கடிதம் வந்தது. 'இரண்டு கன்றுகள் வணிக அளவு அல்ல என்பதாலும், மனுதாரர் வயது முதிர்ந்தவர் என்பதாலும், இம்முறை மன்னிக்கப்படுகிறது. பதிவு தொடரும். தண்டம் திருப்பித் தரப்பட மாட்டாது. இனிச் சரக்கு ஏற்றக்கூடாது.'

ஜீப்பைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"வண்டி பொழைச்சுதுல்ல, விடுங்க," என்றாள் செல்லக்கிளி.

"செய்யாத தப்புக்கு மன்னிப்பாம். தூ!" என்று முற்றத்தில் துப்பிவிட்டு வந்தார்.

கடிதத்தைக் கிழிக்கத்தான் கை துடித்தது. ஆனால் அதன் மூலையில் 'பெற்ற நாள்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டால் யார் என்ன எழுதுவார்களோ! மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனாவை எடுத்து எழுதினார்: 19.02.2026.